ஞா பிளாசிதாவின் வயிற்றுக்கட்டு

எங்கள் நெடுஞ்சாலையில் பேருந்தை நிறுத்த எல்லோரும் கையைக் காட்டுவார்கள். ஞா பிளாசிதா காட்டமாட்டாள். (மூத்த பெண்களை நாங்கள் ஞா என்று மரியாதையாக அழைப்போம்.) தலையில் கூடையோடு சாலையோரம் வந்து நின்று ஒரு குரல் கொடுப்பாள், அவ்வளவுதான். "சிப்பாஆஆ! சூடான சிப்பாஆஆ!" தலைநகரிலிருந்து வரும் பேருந்தில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள் அந்தக் குரலில் விழிப்பார்கள். ஓட்டுநர்களின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். ஒருமுறை ஆம்புலன்ஸ் ஒன்றுகூட நின்றதாம். உள்ளே படுத்திருந்த நோயாளியே எழுந்து உட்கார்ந்து இரண்டு வாங்கினாராம். இதைச் சொல்வது அவளுடைய கணவன் கலிஸ்தோ என்பதால் பாதியை நம்பினால் போதும்.

சிப்பா என்ற இந்த ரொட்டியைச் சுடுவது எங்கள் ஊரில் பெண்கள் வேலை. மரவள்ளி மாவு, பாலாடைக்கட்டி, முட்டை, பன்றிக்கொழுப்பு, கொஞ்சம் சோம்பு. பிசைந்து வளையமாக்கி, வாழையிலையில் வைத்து மண் சூளைக்குள் தள்ளிவிடுவோம். பிளாசிதாவும் அவள் கொமாய் தொமித்திலாவும் நானும் இன்னும் சிலரும் ஒரே சூளையில் சுடுகிறவர்கள். நம் பிள்ளைக்கு ஞானஸ்நானத் தாயாக நின்றவளைக் கொமாய் என்று கூப்பிடுவோம், அவளும் நம்மை அப்படியே கூப்பிடுவாள். பிளாசிதாவின் மகள் நில்டாவுக்குத் தொமித்திலாதான் ஞானத்தாய். அதனால் பிளாசிதாவை அதட்டும் உரிமை ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

கூடை தூக்குவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. முதலில் வயிற்றுக்கட்டு. முரட்டுப் பருத்தித் துணியை நீளமாகக் கிழித்து, விலா எலும்பிலிருந்து இடுப்புவரை சுற்றி, ஒருத்தி இழுத்துப்பிடிக்க இன்னொருத்தி முடிச்சுப் போடுவாள். பிள்ளை பெற்ற உடம்பை ஒன்றாகப் பிடித்துவைப்பது அந்தக் கட்டுதான் என்பது எங்கள் நம்பிக்கை. பிறகு தலையில் சும்மாடு. பிறகு குனிந்து, மூச்சை அடக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு ஒரே தம்மில் கூடையைத் தலைக்கு ஏற்றவேண்டும். கூடை சும்மாட்டில் உட்கார்ந்த பிறகுதான் குரல் வரலாம். அதற்கு முன் வாயைத் திறந்தால் சிப்பா ஆறிப்போகும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நாங்களும் எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அப்படியே சொல்லித் தந்தோம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. சூடான சிப்பாவை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

பிளாசிதாவுக்குக் கர்ப்பப்பை இறங்கியது எப்போது தொடங்கியது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. "உக்காந்தா ஒரு கொய்யாப்பழத்து மேல உக்காந்த மாதிரி இருக்கும்," என்று பின்னால் சொன்னாள். நிற்க நிற்க அது இறங்கும். படுத்தால் உள்ளே போகும். கையாலேயே உள்ளே தள்ளிவிட்டு, கட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு பேருந்து ஏறுவாள். இப்படி இரண்டு ஈஸ்டர் போயிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. இருமல் வந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்களைப் பின்னிக்கொள்வாள். பயணிகள் அதை ஏதோ ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டியதும் உண்டு.

ஒரு நாள் பேருந்தில் ஒருவர் மிளகாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். பிளாசிதா அடுத்தடுத்துத் தும்மினாள். இறங்கி வந்தவள் நேரே சூளைக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுபோன தொமித்திலா பார்த்துவிட்டாள்.

"கொமாய், இது என்னடி?"

"ஒன்னுமில்ல. கொஞ்சம் எறங்கியிருக்கு."

"கொஞ்சமா? இன்னும் கொஞ்சம் விட்டா அதுவும் ஒரு கூடைய எடுத்துக்கிட்டுச் சிப்பா விக்கப் போயிடும்!"

லபாச்சோ மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்த நாட்களில் தலைநகர ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் ஓவெலார் என்ற பெண் மருத்துவர் செய்தார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, தளர்ந்துபோன சுவர்களைத் தைத்து நிறுத்தினார். மறுநாள் அவர் படுக்கையருகே வந்து, பளு தூக்கக்கூடாது, மலச்சிக்கல் ஆகக்கூடாது, முக்கக்கூடாது, இல்லாவிட்டால் மறுபடி இறங்கலாம் என்று சொன்னபோது பிளாசிதா ஒரு கேள்வி கேட்டாள்.

"டாக்டரம்மா, பையத்தான் எடுத்துட்டீங்களே. இனிமே எறங்க என்ன இருக்கு?"

"மூத்திரப்பை இருக்கு, மலக்குடல் இருக்கு, ஞா பிளாசிதா. அதுங்களுக்கு நடுவுல ஒரு வீடு காலியாயிடுச்சு. சுவரத் தைச்சிருக்கேன். நீங்க முக்கினா சுவரும் சரியும்."

அந்த ஒரு வாக்கியம் அவளோடு வீட்டுக்கு வந்தது. அதன்பின் அவளை விட்டுப் போகவில்லை.

அவளுக்குப் பதிலாகச் சிப்பா விற்க யார் போவது? நில்டா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறவள், அவளால் முடியாது. டயர் ஒட்டும் கடை வைத்திருந்த கலிஸ்தோ, "நான் போறேன்," என்றான். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை யாரும் கூடையைத் தலையில் வைத்ததில்லை. கலிஸ்தோவும் வைக்கவில்லை. சின்னப் பிள்ளையை ஏந்துவது போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினான். ஏறியவன் வாய் திறக்கவில்லை. கடைசி இருக்கைவரை போய்த் திரும்பி வந்தான்.

"என்னப்பா, சிப்பா விக்கிறியா, பாவமன்னிப்பு கேக்குறியா?" என்றார் ஓட்டுநர்.

"சிப்பா இருக்கு," என்று கலிஸ்தோ தன் சட்டைப் பொத்தானிடம் சொன்னான்.

பேருந்தே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். கலிஸ்தோ வெறுங்கூடையோடு வந்து, "இதுல என்ன கஷ்டம்னு எனக்குத் தெரியல," என்றான். பிளாசிதா முந்திரி மரத்தடி நாற்காலியிலிருந்து கையில் கிடைத்த செருப்பை எடுத்தாள். உடனே டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்து, எறிவதும் பளு தூக்குவதில் சேருமோ என்று யோசித்துக் கீழே போட்டுவிட்டாள்.

அந்த நாற்காலியிலிருந்து அவள் எங்களை ஆண்டாள். மாவில் கொழுப்பு போதவில்லை என்பாள். சூளையின் உள்சுவர் சூட்டில் இன்னும் வெளுக்கவில்லை, விறகை வெளியே இழுக்காதே என்பாள். நாங்கள் குளிர்ந்த இலைத்தேநீரான தெரெரேவில் மூலிகை இடித்துப்போட்டுக் கொம்புக் குவளையில் கொடுப்போம். அவள் உறிஞ்சிக்கொண்டே குறை சொல்வாள். சிப்பாவை மட்டும் கண்ணில் காட்டமாட்டோம். மாவும் பாலாடைக்கட்டியும் குடலில் போய்க் கல்லாக உட்காரும் என்பதால் நில்டா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கலிஸ்தோ காலையும் மாலையும் பப்பாளி நறுக்கிவைப்பான்.

"வாழ்நாளெல்லாம் சிப்பா சுட்டுட்டு இப்ப மாட்டுக்கு வெக்கிற மாதிரி பப்பாளி வெக்கிறான் கெழவன்."

"மாடு ஒழுங்கா சாணி போடுது, கெழவி. நீ போட்டியா?"

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தாலும் அவளுக்குள் ஒரு பயம் தினமும் காலையில் முதலில் விழித்தது. எங்களுக்கு அது கண்ணாடியால் தெரிந்தது.

கலிஸ்தோ கிணற்றடித் தூணில் ஓர் ஆணியில் மாட்டிவைத்திருந்த சவரக் கண்ணாடி காணாமல் போகத் தொடங்கியது. காலையில் போகும், மதியம் திரும்பி வந்து தொங்கும். அவன் டயர் ஒட்டுவதற்காக வந்த லாரிகளின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்தான். லாரிக்காரன் அவசரப்பட்டுக் கிளம்பினால் கலிஸ்தோ ஒரு கன்னம் மட்டும் மழித்தபடி நின்றுவிடுவான். கண்ணாடி எங்கே என்று ஊரே கேட்டது. ஒருநாள் நில்டா அம்மாவின் அறைக்கதவைத் தட்டாமல் திறந்துவிட்டாள். பிளாசிதா கட்டிலில் கால்களை விரித்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கீழே பிடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

"கதவச் சாத்து. ஏதாச்சும் எட்டிப் பாக்குதான்னு பாக்குறேன்."

"தெனமுமா?"

"தெனமும் எறங்கலாம்ல?"

நில்டா இதை எங்களிடம் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அன்று மாலை நான் போய் அவளருகே உட்கார்ந்தேன். அவள் சிரிக்கவில்லை. "வலி இல்ல. டாக்டரம்மா நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா உள்ள இருக்கிறத யாரு எந்நேரமும் பாத்துக்கிட்டே இருக்க முடியும்? ஒரு தும்மல் போதும். மறுபடி அந்தக் கொய்யாப்பழத்து மேல உக்காந்துகிட்டு, மறுபடி எல்லாத்தையும் மறைச்சுக்கிட்டு, என்னால முடியாது," என்றாள். சற்றுப் பொறுத்து, "கூடை இல்லாமயும் முடியாது," என்றாள். அவள் கண் நெடுஞ்சாலையில் இருந்தது. கலிஸ்தோ ஏறிய பேருந்து சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

கோடை முடியும்போது டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாக வேலை தொடங்கலாம் என்றார். பாதிக் கூடைக்கும் குறைவாக, மெதுவாக. நாங்கள் அடியில் வெறும் இலை பரப்பி, மேலே ஒரு அடுக்குச் சிப்பா வைத்தோம். அது கூடைக்கே அவமானம் என்று அவள் முணுமுணுத்தாள். தொமித்திலா புதுத் துணி கிழித்து வயிற்றுக்கட்டு கட்டினாள். முழங்காலை அவள் முதுகில் ஊன்றி இழுத்தாள்.

"மூச்சு முட்டுதுடி."

"முட்டட்டும். தையல் பிரியாம பாத்துக்கணும்ல? டாக்டரு நூலப் போட்டாங்க, நாம துணியப் போடுவோம்."

பிளாசிதா மூச்சை அடக்கி, வாயை மூடி, கூடையைத் தலைக்கு ஏற்றினாள். பிறகு குரல் கொடுத்தாள். வந்த பேருந்து நின்ற வேகத்தில் உள்ளிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். "ஞா பிளாசிதா!" என்று ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டன. திரும்பி வரும்போது அவள் முகம் சூளை வாய் போலப் பளபளத்தது.

மாலையில் அந்த முகம் இல்லை. அடிவயிற்றில் பாரம். ஏதோ கீழே இழுக்கிறது. தொமித்திலாவிடம் மட்டும் சொன்னாள். தொமித்திலா கட்டைத் தொட்டுப் பார்த்து, "தளர்ந்திருக்கு. அதான்," என்றாள். மறுநாள் இன்னும் இறுக்கினாள். அன்று பாரம் இன்னும் கூடியது. அதற்கு மறுநாள் இன்னொரு சுற்று கூடியது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உடம்பு சொல்வதை நம்புவதா, சவரக் கண்ணாடியை நம்புவதா?

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம் நெருங்கியது. அந்த வாரத்தின் புதன்கிழமைதான் எங்களுக்கு ஆண்டின் பெரிய நாள். தலைநகரில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் பேருந்து பேருந்தாகச் சொந்த ஊருக்குப் போவார்கள். சிப்பா இல்லாமல் யாரும் வீட்டுப்படி ஏறமாட்டார்கள். அதற்கு முந்தின வாரம் ஒரு மதியம் பிளாசிதா சூளையடிக்கு வந்தாள். தன் சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்துத் தொமித்திலாவின் மடியில் வைத்தாள்.

"மறுபடி எறங்கிடுச்சு கொமாய். எனக்குத் தெரியுது. இத நில்டாவுக்குக் குடு. வேணாம்னா நீயே வெச்சுக்க."

தொமித்திலா சும்மாட்டைக் கையில் எடுத்துப் புரட்டினாள். பிறகு அதைப் பிளாசிதாவின் தலையிலேயே திரும்ப வைத்து அழுத்தினாள்.

"டாக்டரம்மா எறங்கிடுச்சுன்னு சொல்லட்டும். அப்புறம் வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் நீயே சுமந்துகிட்டு இரு. காலையில மொத பஸ்சு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் நடந்ததை இருவரும் மாறி மாறி எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். நானே அந்த அறையில் நின்ற மாதிரி இருக்கிறது.

டாக்டர் ஓவெலார் படுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார். உடையை விலக்கியதும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"கட்டு, டாக்டரம்மா."

"யாரு கட்டினது?"

"நான்தான்," என்றாள் தொமித்திலா பெருமையாக.

நர்ஸ் பிரிக்கத் தொடங்கினாள். பிளாசிதா எழுந்து நின்று சுற்றினாள். துணி வந்துகொண்டே இருந்தது. நர்ஸ் பின்னால் போய்ப் போய்க் கதவருகே வந்துவிட்டாள்.

"செத்தவங்களக்கூட இப்படிச் சுத்தி நான் பாத்ததில்ல," என்றார் டாக்டர்.

கட்டு முழுதும் விழுந்ததும் பிளாசிதா பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். விட்டவள் கண்ணை அகல விழித்தாள்.

"டாக்டரம்மா... பாரம் கொறையுது."

டாக்டர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பார்த்தார். இருமச் சொன்னார். முக்கச் சொன்னார். அவள் பயந்து பயந்து முக்கினாள். "இன்னும் முக்குங்க, நான் இருக்கேன்," என்றார். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "தச்சது தச்ச எடத்துல இருக்கு. ஒன்னும் எறங்கல."

பிளாசிதா அழுதாள். தொமித்திலா அவளுக்கு அந்த வயிற்றுக்கட்டின் நுனியையே கண் துடைக்கக் கொடுத்தாள்.

"பற்பசைய நடுவுல பிடிச்சு அமுக்கினா என்ன ஆகும்?" என்று டாக்டர் தொமித்திலாவைக் கேட்டார்.

"தெறந்த பக்கமா வெளிய வரும்."

"இவங்க வயித்த நடுவுல பிடிச்சு அமுக்கியிருக்கீங்க. மேல கூடை. அப்ப எந்தப் பக்கம் போகும்?"

"ஏசுவே," என்ற தொமித்திலாவின் கை அவளறியாமல் தன் இடுப்புக்குப் போயிற்று. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு டாக்டர், எப்படித் தூக்குகிறீர்கள் காட்டுங்கள் என்று மூலையில் இருந்த துணிக்கூடையைக் காட்டினார். பிளாசிதா குனிந்து, மூச்சை அடக்கி, வாயை மூடித் தூக்கப் போனாள்.

"நில்லுங்க. ஏன் மூச்ச அடக்குறீங்க?"

"கூடை தலைக்கு வர்ற வரைக்கும் வாயத் தெறக்கக்கூடாது. சிப்பா ஆறிடும்."

"மூச்ச அடக்குனா உள்ளேயே இன்னொரு கட்டு போட்ட மாதிரிதான். சிறுநீர அடக்குற மாதிரி கீழ இறுக்குங்க, மூச்ச வெளிய விட்டுக்கிட்டே தூக்குங்க."

பிளாசிதா முயன்றாள். வரவில்லை. இத்தனை வருடப் பழக்கம். குனிந்தவுடன் உதடு தானாக ஒட்டிக்கொண்டது. டாக்டர் யோசித்தார்.

"கூடை தலைக்கு வந்ததும் என்ன பண்ணுவீங்க?"

"கூவுவேன்."

"அந்தக் கூவல இங்கேயே, தூக்கும்போதே கூவுங்க."

பிளாசிதா தொமித்திலாவைப் பார்த்தாள். தொமித்திலா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிளாசிதா கீழே இறுக்கினாள், கூடையைப் பிடித்தாள், "சிப்பாஆஆஆ!" என்று கூவிக்கொண்டே எழுந்தாள். துணிக்கூடை பஞ்சு மாதிரி தலைக்கு வந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

கதவு திறந்தது. காவலாளி தலையை நீட்டினார். "சூடா இருக்கா? எனக்கு ரெண்டு." அவருக்குப் பின்னால் காத்திருந்தவர்கள் மூன்று நான்கு பேர் பர்ஸைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

போகும்முன் பிளாசிதா கதவருகே நின்றாள். கேட்கவேண்டிய கேள்வியை இன்னும் கேட்கவில்லை.

"மறுபடி எறங்காதுன்னு சொல்லுங்க, டாக்டரம்மா. ஒரு தடவ சொல்லுங்க, நான் போயிடுறேன்."

"சொல்லமாட்டேன்," என்றார் டாக்டர். "எறங்கலாம். சில பேருக்கு எறங்குது. நான் சொன்னதச் செஞ்சா எறங்குற வாய்ப்பு கொறையும், அவ்வளவுதான். எறங்கினாலும் அது முடிவில்ல. எறங்காம தாங்குறதுக்கு உள்ள வெக்கிற வளையம் இருக்கு, வேற வழிகளும் இருக்கு. ஆனா ரெண்டு வருஷம் மறைச்சுவெச்சுட்டு வராதீங்க. ஒரு வாரத்துல வாங்க."

திரும்பும் பேருந்தில் பிளாசிதா நெடுநேரம் அதையே மென்றுகொண்டு வந்தாள். இனி இறங்காது என்று கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன் என்கிறாரே என்று முதலில் கோபம். பிறகு, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம், ஆனாலும் பொய் சொல்லவில்லையே என்று ஒரு தெம்பு. இதைச் சொல்லலாம் என்று பக்கத்தில் திரும்பினாள். தொமித்திலா பேசாமல் வந்தாள். தொமித்திலா பேசாமல் இருப்பது எங்கள் ஊரில் யாரும் பார்த்திராத காட்சி.

"என்னடி, வாயில மாவு அடைச்சிருக்கா?"

"கொமாய், உக்காந்தா பழத்து மேல உக்காந்த மாதிரி இருக்கும்னு சொன்னியே. அது என்ன பழம்?"

"கொய்யா. ஏன்?"

தொமித்திலா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எனக்கு எலுமிச்சை அளவுதான் இருக்கு."

பிளாசிதாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "எப்பலேர்ந்து?"

"போன மழைக்கு முன்னாடிலேர்ந்து. இறுக்கிக் கட்டினா போற மாதிரி இருக்கும். அப்புறம் வரும். இன்னும் இறுக்குவேன். உனக்கும் அப்படித்தான கட்டிவிட்டேன்."

"அட பாவி! என்னத் திட்டித் திட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனியே! இன்னைக்குக் காலையில அந்த ரூம்புக்குள்ளயே நின்னியே!"

"உன் நாளு இது. என்னோடத அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு..."

பிளாசிதா எழுந்து நின்றாள். கீழே இறுக்கினாள். "சிப்பாஆஆஆ!"

ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிட்டு, சாலையோரத்தை இடமும் வலமும் தேடினார். பிறகு திரும்பிப் பார்த்தார். "ஞா பிளாசிதா, வெளிய நின்னு கூவினா நிறுத்துறேன், உள்ள இருந்து கூவினா நான் என்ன பண்ணுறது?"

"கதவத் தெறப்பா. நாங்க திரும்பிப் போறோம்."

"கொமாய், வெயிலு..."

"எறங்குடி. உனக்கு எறங்கினது போதாதா, நீயும் எறங்கு."

டாக்டர் ஓவெலார் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் இருவரும் நின்றார்கள். அவர் கோட்டை மறுபடி போட்டுக்கொண்டார். அன்று ஆஸ்பத்திரியில் இரண்டாவது வயிற்றுக்கட்டு அவிழ்ந்தது. தொமித்திலாவுக்கு ஒரு வளையம் வைத்தார், பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

புனித புதன்கிழமை விடிந்தபோது எங்கள் சூளையடியில் யார் வயிற்றிலும் கட்டு இல்லை. வெறும் வயிற்றோடு பாவாடை நழுவிவிடுமோ என்று சிலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அத்தனை துணியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. பிளாசிதா தன்னுடையதை எடுத்துச் சுருட்டினாள். வட்டமாக, தடிமனாக, மெத்தென்று வந்தது. தலையில் வைத்துப் பார்த்தாள்.

"பழைய சும்மாட்ட விட இது நல்லா இருக்கு. வயித்துல இருந்ததுக்குத் தலைக்குப் பதவி உயர்வு."

கூடையில் பாதிதான் வைத்தோம். மீதிப் பாதியை இன்னொரு கூடையில் போட்டுக் கலிஸ்தோ கையில் வைத்துக்கொண்டான். இப்போது அவனுக்கும் அந்தத் தொழிலில் ஒரு பிடிப்பு வந்திருந்தது. பேருந்து வருவது தூரத்தில் தெரிந்தது. பிளாசிதா குனிந்தாள். குனிந்தபடியே நின்றாள். அவள் கை கூடையைப் பிடித்திருந்தது, தூக்கவில்லை. அவள் என்ன நினைத்தாள் என்று எங்களுக்குத் தெரியும். டாக்டரம்மா கையெழுத்துப் போடவில்லை. இறங்கலாம்.

"சிப்பா ஆறுது, கொமாய்," என்றாள் தொமித்திலா மெதுவாக.

"சிப்பாஆஆஆ!" என்று கூவிக்கொண்டு பிளாசிதா எழுந்தாள். கூடை எழுந்தது. சூடான சிப்பாவின் ஆவியும் எழுந்தது. ஒன்றும் ஆறிப்போகவில்லை. கூடை தரையை விட்டதுமே குரல் வந்துவிட்டதால் பேருந்தும் முன்னாலேயே நின்றுவிட்டது. அவள் சாலைக்கு நடந்து போகும்வரை அத்தனை பேரும் ஜன்னலில் காத்திருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் சூளையில் எல்லோரும் தூக்கும்போதே கூவத் தொடங்கிவிட்டோம். சாலைக்கு எதிர்ப்புறச் சூளைக்காரிகள், இவர்களுக்கு என்ன பைத்தியம் என்று பார்த்தார்கள். பிறகு பேருந்துகள் எங்கள் பக்கம் முதலில் நிற்பதைப் பார்த்து அவர்களும் கூவினார்கள்.

மாலையில் பிளாசிதா சூளையடிச் சுவரில் உட்கார்ந்தாள். நாங்கள் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "கால்தான் வலிக்குது. அது எல்லாருக்கும் வலிக்கிறதுதான்."

பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் அடுப்பு மூட்டுவதில்லை, வாசல் கூட்டுவதில்லை, ஆண்கள் சவரம் செய்வதில்லை. அதனால் கலிஸ்தோவின் கண்ணாடிக்கு அன்று வேறு வேலை கிடையாது. முந்தின நாள் சுட்ட ஆறிய சிப்பாவை எடுத்துக்கொண்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது தூணில் ஆணி மட்டும் இருந்தது. அறைக்கதவு சாத்தியிருந்தது. கலிஸ்தோ இரண்டு நாள் தாடியோடு கதவில் காதை வைத்து நின்றான். முகத்தில் விளையாட்டு இல்லை. அவனும் அவளோடு சேர்ந்து இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கெழவி," என்றான் தாழ்ந்த குரலில். "ஏதாச்சும் எட்டிப் பாக்குதா?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"நீதான் எட்டிப் பாக்குற. போய் பப்பாளி நறுக்கு."

கலிஸ்தோ என்னைப் பார்த்துச் சிரித்தான். கத்தியைத் தேடிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்து கண்ணாடியை ஆணியில் மாட்டினாள். தினமும் காணாமல் போன அது, அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை அங்கேயே தொங்கியது.